ஜெபத்தை எழுதிவைத்துச் சொன்னால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சபையில் ஜெபிக்கச் சொன்னால் முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். நோயாளி யாரையாவது பார்க்கப் போனாலும் எந்தச் சங்கீதத்தை வாசிப்பது என்று குறித்துக்கொண்டுதான் போகிறீர்கள். இதைக் கவனித்த நண்பர் ஒருவர், "ஆவியானவருக்கு இடமே கொடுக்கமாட்டீர்கள் போலிருக்கிறதே" என்று சிரித்துவிட்டு மத்தேயு 10:19ஐயும் எடுத்துக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து தாளை வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். எழுதலாமா கூடாதா என்று கேட்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இப்படி ஆயத்தம் செய்வது நான் ஆண்டவரை நம்புவதாலா, இல்லை அவரை நம்ப முடியாமல் என்னை நானே நம்பிக்கொள்வதாலா?

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பிரசங்கம் செய்கிறவன். அதில் பாதிக் காலம், புதிதாகப் பிரசங்கிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இறையியல் படித்திருக்கிறேன், ஆனால் கிரேக்கத்தை இன்றும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நண்பர் காட்டிய வசனம். "அவர்கள் உங்களை ஒப்புக்கொடுக்கும்போது: எப்படிப் பேசுவோம், என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்" என்றுதான் அது தொடங்குகிறது. ஒப்புக்கொடுக்கும்போது என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் எல்லா ஜெபக்கூட்டத்துக்கும் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அங்கே பேச்சு பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகள் முன் நிறுத்தப்படுகிறவர்களைப் பற்றியது. அவர்களுக்கு எழுத நேரமும் கிடையாது, தாளும் கிடையாது. அப்புறம், கவலைப்படாதிருங்கள் என்றுதான் இருக்கிறது, யோசிக்காதிருங்கள் என்று இல்லை. இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கட்சிக்குப் பாதகமான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் நண்பர் நாளைக்கு அதையும் எடுத்துக்கொண்டு வருவார். பேச வேண்டியது அந்த நேரத்தில் கொடுக்கப்படும் என்ற இதே வாக்குறுதி லூக்கா 21:14லும் அதை அடுத்தும் வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அங்கேயும் கவலை என்றே இருக்கிறது, ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ப்ரொமெலெத்தான். பேச வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது என்று அதற்கு அர்த்தம். ஆகவே, ஒத்திகை வேண்டாம் என்று இயேசு ஓரிடத்திலாவது சொல்லியிருக்கிறார், அதை மழுப்ப முடியாது. நான் அதை வாசிக்கிற விதம் இது: உயிர்தப்புவதற்காக ஒரு வாதத்தைச் செதுக்கிவைத்துக்கொள்ளாதே என்கிறார். இதை ஒப்புக்கொள்ளாத நல்ல விளக்கவுரையாளர்களும் இருக்கலாம், சண்டை போடமாட்டேன்.

ஆனால் அந்த வாக்குறுதி நிறைவேறியபோது அது எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு சாட்சி இருக்கிறது, அது ஆதிச்சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான். அப்போஸ்தலர் 6, 7 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். திடீரென்று பிடிக்கிறார்கள், ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்துகிறார்கள், பொய்ச்சாட்சி சொல்கிறார்கள், பிரதான ஆசாரியன் "காரியம் இப்படியா" என்று கேட்கிறான். ஒத்திகைக்கு ஒரு நிமிடம் கூட இல்லை. பிறகு வருவது அப்போஸ்தலர் நடபடிகளிலேயே நீளமான பேச்சு. ஆபிரகாமில் தொடங்கி, யோசேப்பு, மோசே, பாலைவனம், கூடாரம், தாவீது, சாலொமோன் என்று போகிறது. நடுவில் ஆமோஸ் 5லிருந்து ஒரு பகுதி, ஏசாயா 66லிருந்து ஒரு பகுதி. ஆவியானவர் கொடுத்தார், சரி. ஆனால் எதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்? அந்த மனிதனுக்குள் வருடக்கணக்கில் போய்ச் சேர்ந்திருந்ததிலிருந்துதான். அன்று காலை அவர் எதையும் தயாரிக்கவில்லை. ஆமோஸை அவர் எப்போதோ படித்திருந்தார். வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு சொன்ன மூன்று பதிலும் இதே கதைதான். மூன்றுமே உபாகமம் 6, 8 என்ற இரண்டே அதிகாரங்களிலிருந்து வருகின்றன. நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு, சுருளைப் பிரித்துத் தேட வழியில்லாத இடத்தில், வாயில் அவை இருந்தன.

அதனால் ஆயத்தம் என்பதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அந்த நாளுக்கான ஆயத்தம், அதாவது நீங்கள் எழுதுகிற தாள். இன்னொன்று, ஆளையே ஆயத்தப்படுத்துகிற மெதுவான வேலை. உங்கள் நண்பர் முதலாவதைக் குறை சொல்கிறார். அவர் உண்மையில் ரசிக்கிற திடீர் ஜெபங்களைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் ஊறினவர்கள். தாள் இல்லாமல் பேசுகிறவரெல்லாம் ஆயத்தம் இல்லாமல் பேசுகிறவர் இல்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது ஒரு தோல்வியால்தான். இளவயதில் நானும் உங்கள் நண்பர் கட்சி. ஒரு ஞாயிறு, "ஆண்டவர் தருவார்" என்று ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளாமல் பிரசங்க பீடத்தில் ஏறினேன். பேச்சு என்னவோ தடையில்லாமல்தான் வந்தது, அதுதான் ஆபத்து. பாதியில் நானே என் குரலைக் கேட்டேன்: போன மாதம் சொன்ன அதே சம்பவம், என் வாயில் எப்போதும் நிற்கிற அதே நான்கு வசனம், அப்புறம் அந்த வாரம் என்னோடு வாக்குவாதம் செய்த ஒருவரைப் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டும் ஒரு உதாரணம். அவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நான் விட்டுவைத்த வெற்றிடத்தை ஆவியானவர் நிரப்பவில்லை, என் பழக்கமும் என் எரிச்சலும்தான் முதலில் ஓடிவந்து உட்கார்ந்துகொண்டன. அந்த வாரம் எழுதியிருந்தால் அந்த உதாரணம் தாளில் என் கண்ணில் பட்டிருக்கும், அடித்திருப்பேன்.

சரி, அப்படியானால் எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் நல்லதுதானா? இல்லை. உங்கள் கேள்விக்கு வேதாகமத்தில் எனக்கு மிகப் பிடித்த பதில் யாத்திராகமம் 16ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவின் கதையில் இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர், அன்றன்றைக்கு மட்டும், விடியும்வரை யாரும் மீதி வைக்கக் கூடாது. சிலர் வைத்தார்கள். பூச்சி பிடித்து நாறியது, மோசேக்குக் கோபம் வந்தது. இங்கேயே நிறுத்திவிட்டால் உங்கள் நண்பர் ஜெயித்துவிடுவார். ஆனால் சில வரி தள்ளி, ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்க்கவும், சுட வேண்டியதைச் சுடவும், வேவிக்க வேண்டியதை வேவிக்கவும், மீதியை மறுநாளுக்கு வைக்கவும் கட்டளை வருகிறது. வைத்தார்கள், நாறவில்லை, பூச்சியும் இல்லை. மன்னா அதேதான், மீதி வைத்ததும் அதேபோலத்தான். முந்தின நாட்களில் நாளைக்கு வருமோ வராதோ என்று பயந்து வைத்தார்கள், அது கெட்டது. ஆறாம் நாளில் மறுநாள் ஓய்ந்திருக்கப்போகிறோம் என்று சொல்லப்பட்டதை நம்பி வைத்தார்கள், அது கெடவில்லை. பிற்காலத்தில் யூதர்கள் தங்கள் ஓய்வுநாளான சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தநாள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இயேசு சிலுவையில் மரித்த நாளைச் சுவிசேஷங்கள் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகின்றன. கிரேக்க மொழியில் இன்றும் வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தம் என்ற அர்த்தம் வரும் சொல்தான் வழங்குகிறது. ஆயத்தம் ஓய்வுக்கு முந்தின படி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட சோதனை எளிமையானது, ஆனால் என்னையே பல முறை தோற்கடித்திருக்கிறது. எழுதி முடித்ததும் மனது தளர்ந்து தூங்கப் போகிறதா, அல்லது திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்திக்கொண்டே இருக்கிறதா? பத்துக் கன்னிகைகளின் உவமையில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விவரம், பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள் என்பது. புத்தியுள்ள ஐந்து பேரும்தான். எண்ணெய் இருந்தது, தூங்கினார்கள். அந்த எண்ணெய் எதைக் குறிக்கிறது என்பதில் ஆதிகாலம் முதலே ஒருமித்த கருத்து இல்லை. ஆதித்திருச்சபையின் போதகர்களில் கிறிசொஸ்தோம் ஏழைகளுக்குச் செய்யும் இரக்கம் என்றார், அகஸ்டின் அன்பு என்றார். அதனால் அந்த உவமையை வைத்து, தினமும் இவ்வளவு நேரம் ஜெபித்தால்தான் ஆயத்தம் என்று யாராவது அளவுகோல் கொடுத்தால் நான் சந்தேகப்படுவேன்.

விசுவாசமும் ஆயத்தமும் சேர்ந்து எப்படி இயங்கும் என்பதற்கு, பாரசீக ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற வேலையில் இருந்த யூதரான நெகேமியாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லேயு மாதத்தில் வருகிறது. ராஜாவிடம் பேச வாய்ப்பு கிடைப்பது நிசான் மாதத்தில். நடுவே சுமார் நான்கு மாதம், அழுகை, உபவாசம், ஜெபம். பிறகு ஒரு நாள் பானம் கொடுக்கும்போது ராஜாவாகிய அர்தசஷ்டா அவர் முகவாட்டத்தைக் கவனித்து, "நீ கேட்கிற காரியம் என்ன" என்கிறான். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்ததாக எழுதுகிறார். எத்தனை வினாடி இருந்திருக்கும்? மூன்றா, நான்கா? அது எழுதிவைக்காத, சத்தமில்லாத ஜெபம், உங்கள் நண்பருக்கு மிகவும் பிடித்த வகை. ஆனால் அடுத்து அவர் வாயிலிருந்து வருவதைப் பாருங்கள்: எத்தனை நாள் பிரயாணம் என்ற கணக்கு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், ராஜாவின் வனத்தைக் காக்கிற ஆசாப்புக்கு ஒரு கடிதம், மரம் எதெதற்கு வேண்டும் என்ற விவரம். வனக்காவலனின் பெயர் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார்! நான்கு மாதம் அழுததோடு நிற்கவில்லை, குறிப்பும் எடுத்திருக்கிறார். பின்னால் எதிரிகள் மிரட்டும்போதும் ஜெபித்து, இரவும் பகலும் காவலையும் வைத்தார்கள். இதில் எது விசுவாசம், எது ஏற்பாடு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

பிரசங்கம், ஜெபம் என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆயத்தம் அதைவிட அதிகமாகத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முகத்தில் துப்பும்போது அந்தக் கட்டளை தானாக ஞாபகம் வராது, கைதான் முதலில் எழும்பும். 1960ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த உணவு மேசைகளில் போய் உட்கார்ந்து போராடினார்கள். பிப்ரவரி 13 அன்று தொடங்கியது. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் முன்பே, ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் ஊழியர் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். பாதிப் பேர் நாற்காலியில் உட்காருவார்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரர்கள்போல நடித்து அவர்களைத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்காமலும் ஓடாமலும் இருந்து பழக வேண்டும். பிப்ரவரி 27 அன்று உண்மையாகவே அடி விழுந்தது. போலீஸ் கைது செய்தது அடித்தவர்களை அல்ல, அடிவாங்கிய மாணவர்களைத்தான். அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. மே 10 அன்று நகரத்தின் கடைகளில் சில அந்த மேசைகளைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிட்டன. மலைப்பிரசங்கத்தை ஒத்திகை பார்த்தார்கள் என்றுதான் நான் இதைச் சொல்வேன். அந்த ஒத்திகையைப் போலித்தனம் என்று சொல்ல யாருக்கும் மனது வருமா தெரியவில்லை.

இப்போது நீங்கள் நோயாளிகளைச் சந்திப்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே நான் எதிர்ப்பக்கமாகவும் தவறியிருக்கிறேன். ஒரு முறை, அதிக நாள் இருக்கமாட்டார் என்று சொல்லப்பட்ட ஒருவரைப் பார்க்கப் போனேன். சங்கீதம் 23, ரோமர் 8, ஒரு சிறு ஜெபம், எல்லாம் வரிசையாகக் குறித்துவைத்திருந்தேன். போய் உட்கார்ந்ததும் அவர், பல வருடமாகப் பேசாமலிருக்கிற தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டே, புத்தகத்தில் விரலைச் செருகி வைத்தபடி, எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மூச்சு விட்டதும் சங்கீதத்தை வாசித்துவிட்டேன். அழகாகத்தான் வாசித்தேன். அவர் "நன்றி ஐயா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி பேச்சு அப்புறம் வரவே இல்லை. அந்த விரல் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல சங்கீதம்தான், அதைக் கீழே வைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

இதனால்தான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், ஒன்றுக்குப் பதிலாக மூன்று சங்கீதங்களைத் தயாரித்துக்கொண்டு போங்கள், ஒன்றையும் வாசிக்காமலே திரும்பிவர மனதைத் தயாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் என்ன சொல்வது என்ற பதற்றம் இல்லாதவருக்குத்தான் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும். உங்கள் தாளின் முதல் பயன் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது உங்கள் வாய்க்குச் செய்கிற உதவியைவிட உங்கள் காதுக்குச் செய்கிற உதவி அதிகம்.

எழுதின ஜெபமா, உள்ளத்திலிருந்து வரும் ஜெபமா என்ற சண்டை மிகப் பழையது, இதில் ஒரு பக்கம் தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆதித்திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்று தீதாக்கே. முதல் நூற்றாண்டின் முடிவு அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். அதில் அப்பம் பிட்கும்போது சொல்ல வேண்டிய ஜெபங்கள் வார்த்தை வார்த்தையாகத் தரப்பட்டிருக்கின்றன. அவை முடிந்த கையோடு, தீர்க்கதரிசிகளை மட்டும் அவர்கள் விரும்பும் அளவுக்கு ஸ்தோத்திரம் சொல்ல விடுங்கள் என்று ஒரு வரி வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில். ஞானஸ்நானம் பெறுகிறவர் அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் உபவாசிக்க வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. உங்கள் நண்பர் கேட்ட கேள்வியை ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்டினும் எதிர்கொண்டார். ஆவியானவர்தான் போதகர்களை உண்டாக்குகிறார் என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுப்பானேன் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: அப்படியானால் தீமோத்தேயுவுக்குப் பவுல் கடிதம் எழுதியிருக்கவே வேண்டாமே.

மிகை என்ன என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஆயத்தம் சில சமயம் தள்ளிப்போடுவதற்கு நல்ல போர்வையாகிவிடும். மனது பக்குவமானதும் மன்னிப்புக் கேட்கிறேன், இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு ஊழியத்துக்கு வருகிறேன். இப்படிச் சொல்லிக்கொண்டே காலம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் சில விஷயங்களில் நானும் உண்டு. காணிக்கையைப் பலிபீடத்திலேயே வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ல் சொல்லியிருப்பதில் பக்குவத்துக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. இன்னொரு வகை மிகை, பயம். தப்பான ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஜெபமே கெட்டுவிடும் என்று தோன்றி, எழுதினதையே பத்து முறை எழுதி, அப்போதும் நிம்மதி வராமல் தவிப்பது. உங்கள் கேள்வியில் அந்தச் சாயல் இல்லை. ஒருவேளை இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அது மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய விஷயம், என் எல்லைக்கு வெளியே.

நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கைக்கு எவ்வளவு என்பதை அங்கே போய்ப் பையைத் துழாவி முடிவு செய்யாமல் முன்பே எடுத்து வைத்துவிடுவேன். பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதும் அதுதான், தான் வந்த பிறகு வசூல் நடக்க வேண்டாம் என்று வாரத்தின் முதல் நாளிலேயே அவரவர் சேர்த்துவைக்கச் சொன்னார். திருவிருந்துக்கு முந்தின இரவு யார் யாரிடம் கசப்பு இருக்கிறது என்று யோசிப்பேன், முடிந்தால் அன்றைக்கே ஒரு போன். சனிக்கிழமை நேரத்தோடு தூங்கிவிடுவேன். இதை ஆவிக்குரிய ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைகளை அதிகம் கெடுத்தது சாத்தானைவிடத் தூக்கமின்மைதான் என்று சில சமயம் நினைப்பேன். வருடத்துக்கு ஒரு சங்கீதம் மனப்பாடம் செய்கிறேன். எப்போது தேவைப்படும் என்று தெரியாது. இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு வாரம் வறண்டு போகும், இன்னொரு வாரம் எதுவுமே செய்யாதபோது கிருபை கொட்டும். குதிரை யுத்தநாளுக்கு ஆயத்தமாக்கப்படும், ஜெயமோ கர்த்தரால் வரும் என்று நீதிமொழிகள் 21ன் கடைசி வசனம் சொல்கிறது. குதிரையைக் கட்டிப்போட்டுவிடு என்று அது சொல்லவில்லை.

உங்கள் தாளைக் கொண்டு போங்கள். ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: கடைசியில் நான்கைந்து வரிக்கு இடம் விட்டு எழுதுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு, யார் முகம் வாடியிருக்கிறது, யார் இன்று வரவில்லை என்று பார்த்து அந்த இடத்தை நிரப்புங்கள். உங்கள் நண்பர் மறுபடியும் சிரித்தால் அப்போஸ்தலர் 7ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கொஞ்சம் நீளமான அதிகாரம், நேரம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.